முருங்கைக்கீரை செழிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் குறையைத் தீர்க்கும் வழி

காய்க்காக முருங்கை வளர்ப்பது ஒரு வேளாண்மை, கீரைக்காக வளர்ப்பது முற்றிலும் வேறு வேளாண்மை. கரூர், திண்டுக்கல், தேனி, தூத்துக்குடி மாவட்டங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் முருங்கைத் தோப்புகள் பெரும்பாலும் காய்க்கானவை. இடைவெளி, உரம், மருந்து என்று நம் காதில் விழும் பரிந்துரைகளும் காயை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டவை. அவற்றை அப்படியே கடைப்பிடித்துவிட்டு, மரம் வளர்கிறது, கீரைதான் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் நிறைய. கீரைக்காக வளர்க்கும் முருங்கையை மரமாகப் பார்க்காமல், திரும்பத் திரும்ப அறுக்கும் பயிராகப் பார்க்க வேண்டும். கீழே வரும் பெரும்பாலான குறைகளின் வேர் அதை மறப்பதில்தான் இருக்கிறது.

வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்திருந்தாலும் அரை ஏக்கரில் கீரைக்கென்றே போட்டிருந்தாலும், எந்த அறிகுறிக்கும் மருந்து தேடுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது வெட்டினீர்கள்? தூருக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்தில் மண் எப்படி இருக்கிறது? மேல்மண்ணைப் பார்த்துச் சொல்லும் விடை போதாது. கையை விட்டு எடுத்துப் பாருங்கள்.

விதை முளைக்கவில்லை, முளைத்ததும் சாய்கிறது

முருங்கை விதை எண்ணெய்ச் சத்து மிகுந்தது. நெடுநாள் வைத்திருந்தால் உயிர்ப்பு போய்விடும். ஓராண்டைத் தாண்டிய விதையை நம்பிக் குழி எடுக்காதீர்கள். பத்து விதைகளை ஓர் இரவு ஊறவைத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். பன்னிரண்டு நாட்களுக்குள் ஏழெட்டாவது முளைவிடாவிட்டால் வேறு விதை வாங்குவதே நல்லது. விதைக்கும் ஆழம் இரண்டு, மூன்று செ.மீ. போதும். முளைத்த நாற்று தரைமட்டத்தில் அழுகிச் சாய்ந்தால் காரணம் அநேகமாக அதிகத் தண்ணீர். பை மண்ணில் மணலைக் கூட்டி, டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்கும் நன்மைப் பூசணம்) கலந்த மட்கிய தொழு உரத்தைச் சேர்த்து, நீரைக் குறையுங்கள்.

எந்த ரகம் என்ற கேள்வி உடனே வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 காய்க்காக உருவாக்கப்பட்ட செடிமுருங்கை. ஆனாலும் விதை எளிதில் கிடைக்கிறது, வெட்ட வெட்ட வேகமாகத் துளிர்க்கிறது என்பதால் கீரைக்கும் அதுவே பரவலாகப் போடப்படுகிறது. வீட்டுக்கு ஒரு மரம் போதுமென்றால் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு வளர்க்கும் மரமுருங்கை இருக்கிறது. வயலில் போடுகிறவர்களுக்கு விதைச் செடியையே சொல்வேன். விதையிலிருந்து வரும் செடி ஆணிவேரை ஆழ இறக்கும். போத்தின் வேர் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. வறட்சியிலும் காற்றிலும் அந்த வேற்றுமை தெரியும்.

செடி நெட்டையாகப் போகிறது, இலை உச்சியில் மட்டும் இருக்கிறது

மிக அதிகமாகக் காணும் குறை இது. தீர்க்க மிக எளிதானதும் இதுதான். "முருங்கையை ஒடித்து வளர்" என்பார்கள். அந்தப் பழமொழியில் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் மறுபாதியை நான் ஏற்கவில்லை; முருங்கையைப் பற்றிய பாதி முழு உண்மை. நுனிக்கொழுந்து இருக்கும் வரை கீழ்க்கணுக்களில் உறங்கும் மொட்டுகளை அது எழவிடாது. நுனி போனதும் அந்தத் தடை நீங்கி, இரண்டு மூன்று கணுக்களில் ஒரே சமயத்தில் துளிர் கிளம்பும். கிளை எத்தனையோ அத்தனை கொழுந்து.

செடி 60 முதல் 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஒரு வாரத்தில் பக்கக்கிளைகள் தலைகாட்டும். அவை 20 செ.மீ. நீண்டதும் பாதியாகக் குறையுங்கள். அவற்றிலிருந்து வரும் அடுத்த கிளைகளுக்கும் இதே சிகிச்சை. பூ எடுக்கும் வயதை எட்டுவதற்குள் மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டால் செடி குடைபோல் விரிந்து நிற்கும். முதல் மூன்று மாதம் கீரைக்கு ஆசைப்பட்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பின்னால் வரும் மூன்று ஆண்டுக் கீரையை இழக்கிறார்கள்.

ஏற்கெனவே பத்தடி உயர்ந்துவிட்ட மரமா? தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அறுத்துவிடுங்கள். அரிவாளால் கொத்தினால் தண்டு பிளக்கும். வாள் கொண்டு, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக அறுப்பது நல்லது. முருங்கைத் தண்டு மென்மையானது. அடைமழைக் காலத்தில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் இறங்கி உள்ளே அழுகும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து, குளிர் விட்ட பிறகு மாசியில் வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்தது) பூசுவது வழக்கம். கிடைக்காவிட்டால் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசலாம்.

இடைவெளியையும் இங்கேயே பார்த்துவிடுவோம். காய்க்குச் சொல்லப்படும் இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 செடிகள்தான் நிற்கும். கீரைக்கு அது வீண். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், செடிக்குச் செடி அரை மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 8,000 செடிகள். உள்ளே நடந்துபோய் அறுக்கவும் இடம் இருக்கும். பத்து, இருபது செ.மீ. இடைவெளியில் நெருக்கி விதைக்கும் முறையும் உண்டு. அதற்கு விதைச் செலவு, நீர், உரம், களை எடுப்பு எல்லாமே பல மடங்கு. முதல்முறை போடுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

முதல் சில அறுப்பு நன்றாக வந்தது, பிறகு துளிர் மெலிகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருக்கும். ஒன்று, அடிக்கடி வெட்டுவது. வெட்டுப்பட்ட செடி வேரில் சேமித்ததைக் கொண்டே முதல் துளிரை எழுப்புகிறது. அந்தத் துளிர் முழு இலையாகி வேருக்குத் திருப்பித் தர அவகாசம் வேண்டும். மழையும் வெயிலும் கலந்த நல்ல பருவத்தில் 35 முதல் 45 நாள், கோடையில் நீர் குறைந்தால் 60 நாள்வரை விடுங்கள். வீட்டுச் செடியானால் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் ஒன்றிரண்டு கிளைகளில் இலையை விட்டுவையுங்கள்.

இரண்டாவது காரணம் பசி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பச்சைக் கீரையில் ஏறக்குறைய ஆறரை கிராம் புரதம் இருக்கிறது. புரதத்தில் ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்). ஆக, உருவிய கீரை ஒரு டன் வயலை விட்டு வெளியேறும்போது அதோடு சுமார் பத்துக் கிலோ தழைச்சத்தும் வண்டியேறிப் போகிறது. அதை ஈடுகட்ட ஏறத்தாழ 22 கிலோ யூரியா, அல்லது 140 கிலோ கடலைப் பிண்ணாக்கு, அல்லது இரண்டு டன் நல்ல தொழு உரம் வேண்டும். முருங்கை வறண்ட நிலத்துப் பயிர், ஒன்றும் போடாமலே வரும் என்று சொல்வது ஓரமாக நிற்கும் ஒற்றை மரத்துக்குப் பொருந்தலாம். திரும்பத் திரும்ப அறுக்கும் வயலுக்குப் பொருந்தாது. அறுப்பு முடிந்த வாரமே மட்கிய எருவையோ மண்புழு உரத்தையோ தூரில் வைத்து, மண் அணைத்து, நீர் பாய்ச்சுங்கள். உருவியபின் மிஞ்சும் ஈர்க்கையும் காம்பையும் குப்பையில் போடாமல் அதே வரிசையில் மூடாக்காகப் பரப்புங்கள். யூரியா போடுவதானால் சிறு சிறு அளவாகப் பிரித்துப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் இலை தளதளவென்று கனக்கும். அந்த மென்மையான இலையை, சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி தேடி வரும்.

இலை மஞ்சளாகிறது, உதிர்கிறது

இந்த ஓர் அறிகுறிக்குப் பின்னால் ஐந்தாறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. கடையில் போய் "மஞ்சளுக்கு மருந்து" என்று கேட்பதில் பயனில்லை. முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, ஒரு சாண் ஆழத்தில் மண் உலர்ந்திருக்கிறது என்றால் தாகம். முருங்கை வறட்சியில் சாகாது. ஆனால் இலையை உதிர்த்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். காய்க்காரருக்கு அது இழப்பில்லை, நமக்கு அதுவே முழு இழப்பு. வாரம் ஒருமுறை ஆழமாக நனையும்படி நீர் கொடுங்கள். சொட்டு நீர் இருந்தால் இன்னும் நல்லது.

அதே அறிகுறி, ஆனால் மண் சொதசொதவென்று இருக்கிறது, கிளறினால் புளித்த வாடை வருகிறது என்றால் நிலைமை கடுமையானது. முருங்கையின் இளவேர் கிழங்கைப் போலச் சதைப்பற்றுள்ளது. நீர் தேங்கினால் மூச்சுத் திணறிச் சில நாட்களிலேயே அழுகத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் களிமண் நிலத்து முருங்கை கூட்டமாகச் சாவது இதனால்தான். இந்த நிலையில் உரம் வைப்பது செடியைக் கொல்வதற்குச் சமம். உடனே வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் எடுத்து நீரை வடித்துவிடுங்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். மண் வறண்ட பிறகு டிரைக்கோடெர்மா கலந்த எரு வையுங்கள். வேரைத் தோண்டிப் பார்த்து அது கொழகொழவென்று நசுங்கினால் அந்தச் செடி தேறாது, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்த நடவைக் கட்டாயமாக மேட்டுப்பாத்தியில் போடுங்கள்.

கொழுந்திலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. நிலத்தில் இரும்பு இல்லாததைவிட, இருப்பதை வேர் எடுக்க முடியாததே பெரும்பாலும் காரணம். சுக்கான் கல் கலந்த, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது வழக்கம். மண்ணிலுள்ள வெள்ளைக் கற்களின்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். அந்த மண்ணில் வெறுமனே இரும்பு சல்பேட்டைத் தூவினால் அதுவும் கட்டுண்டு போகும். லிட்டருக்கு ஐந்து கிராம் இரும்பு சல்பேட்டோடு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, அறுப்புக்குப் பின் வரும் இளந்துளிரில் மாலை வேளையில் தெளியுங்கள். தேவைப்பட்டால் பத்து நாள் கழித்து மீண்டும். நெடுநாள் தீர்வு, ஒவ்வோர் அறுப்புக்கும் தவறாமல் மட்கு சேர்ப்பது.

எல்லாச் செடிகளும் ஒன்றுபோல மார்கழி, தை மாதங்களில் வெளிறி இலை கொட்டுகின்றனவா? இரவுக் குளிருக்கு முருங்கை அப்படித்தான் நடந்துகொள்ளும். பதறி உரம் போடாதீர்கள், அந்தச் சமயம் ஒட்ட வெட்டவும் வேண்டாம்.

மேலே மஞ்சள் திட்டு, இலையைத் திருப்பினால் வெண்பொடி என்றால் சாம்பல் நோய். அந்தக் கிளைகளை அறுத்து வெளியேற்றுங்கள்; செடிகளுக்கிடையே காற்று புக வழிசெய்யுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இலை முழுவதும் ஊசி குத்தியதுபோல் வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதற்கு அஞ்சும் பூச்சி அது.

புழு, பூச்சி, கருகும் நுனி

மருந்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழ ஈக்கும் மொட்டுப்புழுவுக்கும் காய்த்தோப்பில் அடிக்கும் ரசாயன மருந்துகளை கீரை வயலுக்குள் கொண்டுவராதீர்கள். அப்படி மருந்தடித்த தோப்பில் கவாத்து செய்த கிளையைக் கீரைக்கட்டாகக் கட்டிச் சந்தைக்கு அனுப்புவதும் கூடாது. காயைச் சீவித் தின்கிறோம். இலையை மருந்து விழுந்த பரப்போடு அப்படியே தின்கிறோம். கருவுற்ற பெண்ணுக்கும் ரத்தசோகையுள்ள குழந்தைக்கும் நல்லது என்று வாங்கிப் போகிற பொருள் இது.

கம்பளிப்புழு மழைக்குப் பின் கூட்டமாக வரும். பகலில் தண்டில் அப்பிக்கொண்டிருக்கும், இரவில் ஏறி மேயும். பெரிய மரத்தில் தீப்பந்தம் காட்டுவது பழைய வழி. இடுப்புயரக் கீரைச் செடியில் அது தண்டையே சுட்டுவிடும். இலையில் கொத்தாக இருக்கும் முட்டைகளையும் இளம்புழுக் கூட்டத்தையும் கிளையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மயிர் பட்டால் தடிக்கும், கையுறை வேண்டும். சிற்றிலைகளை வலைபோல் பின்னிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்பது இலைப்புழு. இது மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழு ஆகும். ஆகவே அறுப்பை ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிட்டு, வரிசைகளுக்கிடையே மண்ணைக் கொத்தி வெயிலில் காட்டினால் அடுத்த தலைமுறை குறையும். அதற்கும் மிஞ்சினால், புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் லிட்டருக்கு இரண்டு கிராம்.

பலரும் தவறாகப் படிக்கும் அறிகுறி ஒன்று உண்டு. இளந்தண்டில் கரும்புள்ளி, சில இடங்களில் பிசின் கசிவு, பிறகு நுனி தீய்ந்தாற்போல் தொங்கிக் காய்வது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நீரைக் கூட்டுவார்கள். இது தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சிப் பூச்சியின் வேலை. முந்திரி, கொய்யா, வேம்பு ஆகியவற்றிலும் தங்கும். வேப்ப மரத்தின் நுனி கருகுவதற்கும் இதற்கும் தொடர்புண்டு. காலையிலும் மாலையிலும்தான் கண்ணில் படும். கருகிய நுனிகளைப் பச்சைத் தண்டுவரை வெட்டி அழித்துவிட்டு, ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளியுங்கள். பத்து லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பு என்பது அளவு. இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டிச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். எந்தக் கரைசலானாலும் அறுத்து முடித்ததும் வரும் இளந்துளிரில் அடிப்பதே முறை. அறுப்புக்கு முந்தைய வாரம் அடித்தால் கீரை கசக்கும்.

கொழுந்தில் கருப்பாக மொய்க்கும் அசுவினிக்கு நீர்ப்பீய்ச்சலே பாதி மருந்து. பொறிவண்டுகள் நடமாடினால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

கீரை வேண்டிய நேரத்தில் பூக்கிறது

அறுப்பு தள்ளிப்போயிருக்கிறது. பூவைப் பறித்துப் பொரியல் செய்துவிட்டு, பூங்கொத்து இருக்கும் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள்.

கீரை நாராக இருக்கிறது. சத்துள்ள இலை எது?

கொழுந்தில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறது என்பது பாதி உண்மை. இளம் இலையில் புரதமும் வைட்டமின் சி-யும் கூடுதல். வயது ஏற ஏற அவை குறைந்து சுண்ணாம்புச்சத்தும் நாரும் ஏறும். சமையலுக்கு நுனியிலிருந்து ஐந்தாறு ஈர்க்குகள். பொடிக்கு அறுப்பு நாளில் கிளையில் இருக்கும் இலை முழுவதும், அடியிலுள்ள பழுப்பிலை நீங்கலாக. 60 நாளைத் தாண்டிய இலையைத்தான் பலர் "முருங்கைக்கீரை நார்" என்று குறைசொல்கிறார்கள்.

பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம் என்று பொட்டலத்தில் அச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நூறு கிராம் உலர்ந்த பொடியை நூறு கிராம் பாலோடு ஒப்பிட்ட கணக்கு. பொடியை யாரும் நூறு கிராம் சாப்பிடுவதில்லை. தேக்கரண்டி அளவு, அதாவது மூன்று கிராம் பொடி தருவது அரை டம்ளர் பால் தருவதைவிடக் குறைவுதான். வாரத்தில் மூன்று நாள் ஒரு கைப்பிடிக் கீரையைச் சோற்றோடு உண்பது இந்தக் கணக்குகளைவிட மேலானது.

பறித்த இலை கருக்கிறது, பொடி பழுப்பாகிறது

பச்சை இலையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். குவித்து வைத்தால் உள்ளே சூடேறி, வியர்த்து, கருக்கும். பனி உலர்ந்ததும் காலையிலேயே அறுத்து, நிழலில் கிளைகளைப் பரப்பி, அன்றே உருவிவிடுங்கள். கீரைக்கட்டைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த வழி. உருவும் வேலை மிச்சம்தான், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் வைட்டமின் சி போய்க்கொண்டே இருக்கிறது. அவசரமான நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பொடிக்கு: நல்ல நீரில் கழுவி, ஒரு விழுக்காடு உப்புநீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்து, மீண்டும் அலசி, நீர் முழுவதும் வடியவிடுங்கள். தரையில் போடாமல் வலைத்தட்டில், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவில் மெல்லியதாகப் பரப்புங்கள். நேர்வெயில் படக் கூடாது. பச்சை வெளுப்பதோடு வைட்டமின் ஏ தரும் கரோட்டினும் அழியும். அதற்காகக் காற்றில்லாத அறையில் நாட்கணக்கில் இழுத்தடித்தால் பூசணம் பிடிக்கும், நிறம் பழுப்பாகும். நிழலும் காற்றோட்டமும் சேர்ந்த இடம் வேண்டும். உலர்த்தும் கருவி வைத்திருந்தால் சூட்டை 55 பாகை செல்சியசுக்குள் நிறுத்துங்கள். விரலால் கசக்கினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உருவிய இலை நான்கு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பொடி கிடைக்கும். அரைத்த மாவு ஆறிய பிறகே ஒளிபுகாத, காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும். ஆறு மாதத்துக்குள் செலவழியும் அளவுக்கே அரையுங்கள்.

அடுப்பில் சத்து போகாமல் இருக்க

"வெந்து கெட்டது முருங்கை, வேகாமல் கெட்டது அகத்தி." வயலில் இத்தனை பாடுபட்டு வளர்த்த கீரையை அரைமணி நேரம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டால் எல்லாம் வீண். கழுவியபின் நறுக்க வேண்டிய தேவையும் இல்லை. தாளிப்பில் போட்டு, கைநீர் தெளித்து, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். தேங்காய்த் துருவலோ நல்லெண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் கரோட்டின் உடலில் ஒட்டும். இரும்புச்சத்துக்காகவே சாப்பிடுகிறவர்கள் தட்டில் பரிமாறிய பிறகு எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் எலுமிச்சையின் வைட்டமின் சி-யும் சூட்டில் குறைந்துவிடும். சாப்பிட்ட கையோடு காபி, தேநீர் வேண்டாம். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.